என் கணவர் எனக்கே கடன் விற்க வந்த நாள்

வாய் நிறையச் சமோசாவோடு நான் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் என் கணவர் அந்தக் கடைக்குள் வந்தார்.

கழுத்தில் டை. தோளில் லேப்டாப் பை. முகத்தில் வங்கி பழக்கிக் கொடுத்த புன்னகை. பக்கத்தில் அவருடைய மேனேஜர்.

துபாய் தேராவில், ஜவுளிக்கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஒரு சந்தில், சோமாலியப் பெண்மணி ஒருவரின் துணிக்கடை அது. மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துணிக் கட்டுகளுக்கு நடுவே பாய் விரித்து, பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். பதினோரு பேர் சோமாலியர்கள். பன்னிரண்டாவது ஆள் விருதுநகர்க்காரி. அதாவது நான்.

வீட்டில் நான் சொல்லிவிட்டு வந்தது, "கிளினிக்ல ஞாயித்துக்கிழமை டூட்டிங்க."

அவர் என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியது, "பெரிய கிளையன்ட் மீட்டிங். போன் பண்ணாத."

அவர் பார்வை என்னைத் தாண்டிப் போனது. திரும்பி வந்தது. நின்றது. மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே அந்த நிலைமை. சமோசா சூடாக வேறு இருந்தது.

இரண்டு விநாடிகூட ஆகவில்லை. மனிதர் முடிவெடுத்துவிட்டார். என்னை அவருக்குத் தெரியாது. மேனேஜர் பக்கம் திரும்பித் தலையசைத்தார். பிறகு எங்கள் எல்லோரையும் பொதுவாகப் பார்த்து, "குட் ஆஃப்டர்நூன், லேடீஸ்" என்றார்.

சரி, எனக்கும் அவரைத் தெரியாது. நானும் "குட் ஆஃப்டர்நூன்" சொன்னேன்.

அபாயோ

அங்கே நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

கிளினிக்கில் இன்ஷூரன்ஸ் கவுண்டரில் என் பக்கத்து நாற்காலி ஃபதூமாவுடையது. ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்த சோமாலியப் பெண். சொந்த நாட்டை இரண்டே தடவை பார்த்திருக்கிறாள். சோமாலி, அரபி, ஆங்கிலம் எல்லாம் பேசுவாள். டிவி பார்த்தே இந்தி கற்றவள். எங்கள் பேச்சு பாதி இந்தி, பாதி ஆங்கிலம். கோபம் வந்தால் அரபி. உங்களுக்காக அவளை இங்கே தமிழில் பேசவைக்கிறேன்.

முதல் நாளே என்னை "அபாயோ" என்று கூப்பிட்டாள். எனக்குத் திக்கென்றது. வேலைக்குச் சேர்ந்த அன்றே அபாயமா? பிறகுதான் தெரிந்தது, அவர்கள் மொழியில் அது 'சகோதரி'. தமயந்தி என்ற என் பெயரை அவள் வாயில் நுழைகிற அளவுக்கு வெட்டி, 'தமா' ஆக்கியதும் அவள்தான்.

மாதா மாதம் முதல் வாரத்தில் அவள் ஒரு கவரில் ஆயிரம் திர்ஹாம் போட்டு வைப்பாள். ஒரு நாள் கேட்டேன்.

"அயூட்டோ" என்றாள்.

"அப்படின்னா?"

"உதவின்னு அர்த்தம். இத்தாலிக்காரன் எங்க ஊரை ஆண்டுட்டுப் போனப்ப விட்டுட்டுப் போன வார்த்தை. அவன் விட்டுட்டுப் போனதுல உருப்படியானது இதுவும் பாஸ்தாவும்தான்."

விஷயம் எளிமையானது. பன்னிரண்டு பெண்கள். ஆளுக்கு மாதம் ஆயிரம். சேரும் பன்னிரண்டாயிரத்தை ஒவ்வொரு மாதமும் ஒருத்தி எடுத்துக்கொள்வாள். யாருக்கு எந்த மாதம் என்று ஆரம்பத்திலேயே குலுக்கிப் போட்டு எண் கொடுத்துவிடுவார்கள். தள்ளுபடி இல்லை, ஏலம் இல்லை, வட்டி இல்லை. நோட்டுப் புத்தகமும் இல்லை. எல்லாக் கணக்கும் கடைக்காரரின், அதாவது ஃபதூமாவின் அத்தை சஹ்ராவின் தலைக்குள். புதிதாக ஒருத்தி சேர வேண்டுமென்றால், உள்ளே இருப்பவள் ஒருத்தி அவளுக்குப் பொறுப்பேற்க வேண்டும். வந்தவள் ஓடிப்போனால், பொறுப்பேற்றவள் கட்ட வேண்டும்.

எனக்கு ஃபதூமா பொறுப்பேற்றாள். குலுக்கலில் எனக்கு வந்தது பதினோராம் எண்.

ஆயிரத்துக்கு எங்கே போனேன்? எனக்குச் சம்பள உயர்வு வந்திருந்தது. வீட்டில் சொல்லவில்லை. ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கிற மனிதர் என் கணவர் பாஸ்கர். என்னுடையதை ஒரு நாளும் கேட்டதில்லை. அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ரசீது கொடுத்துவிட்டு ஓடியவர்

சீட்டு என்ற வார்த்தையைக் கேட்டாலே எங்கள் குடும்பத்தில் ஒரு கணம் பேச்சு நின்றுபோகும்.

என் அக்கா கல்யாணத்துக்கு என்று அப்பா சீட்டுக் கட்டினார். நடத்தியவர் எங்கள் ஊர்க்காரர், தூரத்துச் சொந்தமும்கூட. நெற்றியில் சந்தனம், தங்க ஃபிரேம் கண்ணாடி, வருஷா வருஷம் லட்சுமி படம் போட்ட காலண்டர். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் ரசீது தருவார். ரசீதில் ஒன்றல்ல, மூன்று முத்திரை குத்துவார். கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கொடுத்த மறுவாரம் குடும்பத்தோடு காணாமல் போனார்.

அக்கா கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போனது. அப்பா போலீஸ் ஸ்டேஷனுக்கு அந்த ரசீதுகளை அடுக்கி எடுத்துப் போனார். இன்ஸ்பெக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் கரெக்டா இருக்கே சார்" என்றாராம். அப்பா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டாள்.

அதனால் சஹ்ரா அத்தையிடம் முதல் ஆயிரத்தை நீட்டிவிட்டு, ஒரு துண்டுச் சீட்டாவது தருவார் என்று நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஃபதூமாவிடம் ஏதோ கேட்டார்.

"என்ன சொல்றாங்க?"

"ஏன் நிக்கிறா, டாய்லெட் போகணுமான்னு கேக்கறாங்க."

போய் உட்கார்ந்தேன்.

மேடம்

இப்போது கடைக்குத் திரும்புவோம். அது எனக்கு ஐந்தாவது மாதம்.

பாஸ்கரின் வங்கிக்கு எங்கிருந்தோ மூக்கு வியர்த்திருந்தது. தேராவில் சோமாலியப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து பணத்தைக் கைமாற்றுகிறார்களாம். அந்தப் பணம் வங்கிக்குள் வராமல் வெளியே சுற்றுவது நியாயமா? ஆகவே தனிநபர் கடன் பிரிவிலிருந்து இரண்டு பேர், ஞாயிற்றுக்கிழமையும் பார்க்காமல், எங்களைக் கரையேற்ற வந்திருந்தார்கள்.

பாஸ்கர் லேப்டாப்பைத் திறந்து துணிக் கட்டின்மேல் வைத்தார். திரையில் ஒரு குடும்பம் கடற்கரையில் ஓடியது. 'உங்கள் கனவுகளுக்குச் சிறகு' என்பது போல ஏதோ ஆங்கிலத்தில் வந்தது. அவர் பேசப் பேச, ஃபதூமா சோமாலியில் மொழிபெயர்த்தாள். அவர் பேசிய ஒரு நிமிடத்துக்கு அவள் நான்கு விநாடிதான் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் அதை வரவேற்பு என்று நினைத்துவிட்டார்.

ஃபதூமாவுக்கு என் கணவரை நன்றாகத் தெரியும். என் போனில் முகப்புப் படமே அவர்தான்.

"சார், ஒரு டவுட்டு" என்றாள். "ஒரு மாசம் என்னால கட்ட முடியலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"போன் பண்ணி ஞாபகப்படுத்துவோம்."

"அப்புறமும் கட்டலைன்னா?"

"அபராதம் இருக்கும். சின்ன தொகைதான்."

"பணம் இல்லாததாலதானே கட்டல? அபராதம் எதுலேர்ந்து கட்டுவேன்?"

பாஸ்கர் தண்ணீர் குடித்தார். மேனேஜர் புன்னகைத்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சமோசாவும் அதற்குள் உள்ளே போயிருந்தது.

"எக்ஸ்கியூஸ் மி சார்" என்றேன். "அந்த பிராசசிங் ஃபீ. லோன் கிடைக்கலைன்னா அதைத் திருப்பித் தருவீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். பத்தொன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்தப் பார்வையை நான் பார்த்ததில்லை.

"நோ, மேடம்."

"ஏன் சார்?"

"அது... பாலிசி, மேடம்."

"யார் போட்ட பாலிசி சார்?"

"பேங்க் போட்டது, மேடம்."

என்னை அவர் மேடம் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். மூன்று தடவை. இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பேன், சஹ்ரா அத்தை டீ கொண்டுவரச் சொல்லிவிட்டார். ஏலக்காயும் பட்டையும் போட்ட டீ. கடன் விற்க வந்தவர்களுக்கும் கொடுத்து, சாம்பிராணிப் புகை காட்டி, மரியாதையாக வழியனுப்பி வைத்தார்கள்.

ஷட்டருக்கு வெளியே போனதும் மேனேஜர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "அந்த இந்தியன் லேடி நல்ல லீடு, பாஸ்கர். நிறையக் கேள்வி கேட்டாங்க. நம்பர் வாங்கி ஃபாலோ அப் பண்ணுங்க."

ஃபாலோ அப்

பண்ணினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சோபாவில் உட்கார்ந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் பண்ணினார்.

"எவ்வளவு போட்டிருக்க?"

"அஞ்சாயிரம்."

"எழுத்து இருக்கா?"

"இல்ல."

"ரசீது?"

"இல்ல."

"அறிவிருக்கா உனக்கு? நாளைக்கே அந்தம்மா ஃப்ளைட் ஏறிப் போயிட்டா என்ன பண்ணுவ? அவங்கெல்லாம் யாரு எவருன்னு தெரியுமா? சோமாலியான்னாலே..." என்று ஆரம்பித்தவர், மகள் யாழினி அறையிலிருந்து எட்டிப் பார்த்ததும் நிறுத்தினார். அவள், "ஆர் யூ கைஸ் ஓகே?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எங்கப்பா காசைத் தூக்கிட்டுப் போனவர் விருதுநகர்க்காரர்தான். ரசீதுல மூணு முத்திரை குத்திக் குடுத்தார்" என்றேன்.

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"இல்லதான். இவங்க டீயாவது தராங்க."

இரண்டு வாரம் பேச்சில்லை.

அவரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டால் வாரா வாரம் பத்திரிகையில் இந்தத் தொடரை எழுதுவதில் அர்த்தமில்லை. நானும் யோக்கியமில்லை. அந்த வட்டத்தில் ஹோதன் என்று ஒரு பெண் இருந்தாள். எங்கள் கிளினிக்கில் தரை துடைப்பவள். மாலையில் சமோசா பொரித்து மூன்று டீக்கடைகளுக்குப் போடுவாள். கிளினிக்குக்கு வந்த புதிதில், அவள் பேன்ட்ரியில் என் கப்பை எடுத்துக் குடித்துவிடப் போகிறாளே என்று அதை என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டியவள் நான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கை தானாகச் செய்தது. பிறகு அதே ஹோதன் பொரித்த சமோசாவைப் பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தின்றேன். சமோசாவுக்கு நம்மிடம் எந்தத் தீட்டும் கிடையாது.

நம்ம ஆளுங்க

ஏழாவது மாதம் பாஸ்கருக்கு வேலை போனது.

வங்கி அதை அப்படிச் சொல்லவில்லை. 'மறுசீரமைப்பு' என்றது. கேக் வெட்டினார்கள். மேனேஜர் கட்டிப்பிடித்தாராம். பன்னிரண்டு வருட சர்வீசுக்கான செட்டில்மென்ட் பணம் அவர் கணக்கில் வந்து விழுந்தது. விழுந்த வேகத்தில் வங்கியே அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஏனென்றால் அவருக்கும் அங்கே கடன் இருந்தது. காருக்கு ஒன்று, மதுரையில் அவர் அம்மா வீட்டு மாடிக்கு ஒன்று. ஊழியர் என்பதால் சலுகை வட்டி. ஊழியர் இல்லையென்றால் சலுகையும் இல்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது. தமிழ் பேசும் ஒரு சின்னப் பெண். "வணக்கம் சார், நீங்களும் குடும்பத்தாரும் நலமா? உங்கள் தவணை தொடர்பாக ஒரு சிறு நினைவூட்டல்..."

பாஸ்கர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார், "அம்மா, மூணாவது வரியை விட்டுட்ட. 'உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' சொல்லிட்டுத்தான் தொகையைச் சொல்லணும்."

"சார்?"

"அந்த ஸ்கிரிப்டைத் தமிழ்ல எழுதினதே நான்தாம்மா."

போனை வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனார். ரொம்ப நேரம் வரவில்லை. அன்றைக்கு அவரைக் கேலி செய்ய எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வாடகை செக் இரண்டு வாரத்தில் வங்கிக்குப் போக இருந்தது. மூன்று மாத வாடகை, பதினோராயிரத்துச் சொச்சம். இங்கே செக் திரும்பினால் என்ன ஆகும் என்று வளைகுடாவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: கேஸ், கோர்ட் வரை போகும். என் சம்பளம் சாப்பாட்டுக்கும் யாழினியின் ஸ்கூல் ஃபீஸுக்கும் சரியாகப் போய்விடும்.

பாஸ்கர் நண்பர்களிடம் கேட்டார். 'நம்ம ஆளுங்க' என்று அவருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நூற்றுக்கு மேல் தமிழர்கள். பொங்கலுக்கு வேட்டி கட்டி மேடையேறுவார்கள். 'தமிழனுக்குத் தமிழன் கை கொடுக்காவிட்டால் யார் கொடுப்பார்' என்று ஒருவர் ஒவ்வொரு வருடமும் கண்கலங்கப் பேசுவார். அவரிடம்தான் முதலில் கேட்டார். கூப்பிய கைகள் இரண்டு வந்தன. பொம்மைக் கைகள். இன்னொருவர் தன்னம்பிக்கை பற்றி ஒரு வீடியோ அனுப்பினார். மூன்றாமவர் உண்மையிலேயே உதவ முன்வந்தார்: காரைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். அது கடன் முடியாத கார் என்றதும் அவரும் கூப்பிய கைகளுக்கு மாறிவிட்டார்.

செக்குக்குப் பத்து நாள் இருக்கும்போது பாஸ்கர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"உன்னோட அந்த... சீட்டு. உன் முறை எப்ப?"

"பதினொண்ணு. இன்னும் நாலு மாசம் இருக்கு."

"முன்னாடி கிடைக்குமான்னு கேட்டுப் பாரேன்."

"நீங்களே வந்து கேளுங்க" என்றேன்.

வேலை போச்சா?

வந்தார். டை இல்லை. லேப்டாப் இல்லை. துணிக் கட்டுகளுக்கு நடுவே அவருக்கு ஒரு முக்காலி போட்டார்கள். அவர் உயரத்துக்கு முட்டி இரண்டும் தாடையைத் தொட்டன.

பேச ஆரம்பித்தார். "ஆக்சுவலி, எங்க பேங்க்ல இப்ப ஒரு ரீஸ்ட்ரக்சரிங் போயிட்டிருக்கு. அதனால ஷார்ட் டேர்ம்ல ஒரு கேஷ் ஃப்ளோ..."

ஃபதூமா மொழிபெயர்க்கவே இல்லை. சஹ்ரா அத்தை நேராக இந்தியில் கேட்டார். "பேட்டா, வேலை போச்சா?"



"போச்சு" என்றார் பாஸ்கர்.

"அதைச் சொல்லு. யார்கிட்டயாவது திருடினியா?"

"இல்ல."

"அப்ப ஏன் குசுகுசுன்னு பேசற? உன் பொண்ணு ஸ்கூலுக்குப் போறாளா?"

"போறா."

"தமா வேலை இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அவ கட்டுவா. நீ கட்டறதா இருந்தா யோசிக்கணும்."

பிறகு சோமாலியில் பேச ஆரம்பித்தார்கள். பதினோரு பேரும் ஒரே சமயத்தில். கைகள் பறந்தன. ஒரு கிழவி தொடையில் அடித்துக்கொண்டார். பாஸ்கர் என் பக்கம் குனிந்து, "சண்டை போடறாங்களா?" என்றார். எனக்கும் தெரியவில்லை.

நடந்தது இதுதான். அதற்குள் எட்டாவது மாதம் பிறந்திருந்தது; அந்த எண் ஹோதனுடையது. ஐந்து வருடமாகப் பார்க்காத மகனைப் பார்க்க சொந்த ஊர் ஹர்கெய்சாவுக்குப் போவதற்காக வைத்திருந்த பணம். நான் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் அவள் பதினொன்றுக்குப் போக வேண்டும். அவளைக் கேட்கக் கூடாது என்று பாதிப் பேர் கத்தினார்கள். அவளே சொல்லட்டும் என்று மீதிப் பேர் கத்தினார்கள். ஹோதன் சமோசாத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். கத்தல் நின்றது.

"என்ன சொன்னா?" என்று ஃபதூமாவிடம் கேட்டேன்.

"பையன் மூணு மாசத்துல எங்கயும் ஓடிட மாட்டான். வாடகை கேட்டு வீட்டுக்காரன் ஓடி வருவான். எடுத்துக்கட்டும்."

பாஸ்கர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். வீட்டிலேயே தயார் செய்து கொண்டுவந்திருக்கிறார். உறுதிமொழிப் பத்திரம். எமிரேட்ஸ் ஐடி எண், தேதி, இரண்டு சாட்சிகளுக்குக் கோடு போட்ட இடம், எல்லாம் இருந்தது. சஹ்ரா அத்தை அதை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து நாலு சமோசாவை எடுத்து அதில் வைத்துச் சுற்றி, அவர் கையில் கொடுத்தார்.

"பொண்ணுக்கு" என்றார்.

எமிரேட்ஸ் ஐடி எண்ணில் எண்ணெய் இறங்கியது.

இரண்டு நாள்

செக் திரும்பவில்லை.

மறுநாள் கிளினிக்கில் ஹோதன் வழக்கம்போலத் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். நன்றி சொன்னேன். அடுத்த நாளும் சொன்னேன். அதற்கடுத்த நாள் அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு, எனக்குப் புரிகிற இந்தியில் சொன்னாள். "தினம் தினம் தேங்க்ஸ் சொல்லாதே. தலை வலிக்குது. ஒண்ணாந்தேதி கட்டு. கலாஸ், அவ்வளவுதான்."

கட்டினேன். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒரு நாள் பிந்தவில்லை.

நான்கு மாதம் வீட்டில் இருந்தார் பாஸ்கர். பாத்திரம் கழுவினார், யாழினியின் டிபன் கட்டினார். சாம்பாரில் கைவைத்து ஒரு தடவை நாங்கள் யாரும் சாப்பிட முடியாமல் செய்தார். பிறகு ஷார்ஜாவில் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் குறைவு. 'நம்ம ஆளுங்க' குழுவில் அதை 'லாஜிஸ்டிக்ஸ் துறைக்கு மாறினேன்' என்று அறிவித்தார். நூறு வாழ்த்துகள். தன்னம்பிக்கை வீடியோ அனுப்பியவர், தன் வீடியோ வேலை செய்துவிட்டது என்று மகிழ்ந்தார்.

பதினோராவது மாதம் ஹோதன் ஹர்கெய்சா போய் வந்தாள். போட்டோ காட்டினாள். மகன் அவளைவிட ஒரு தலை உயரம். முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

"கோவமா இருக்கானா?"

"ரெண்டு நாள் பேசவே இல்ல. வரேன் வரேன்னு சொல்லிட்டு மூணு மாசம் தள்ளிப் போட்டேன்ல? மூணாவது நாள் சோறு கேட்டான்."

அவள் சிரித்தாள். நான் போட்டோவைத் திருப்பிக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள்தான் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

யார் பொறுப்பு?

பன்னிரண்டாவது மாதத்தோடு சுற்று முடிந்தது. சஹ்ரா அத்தை ஹல்வா கொடுத்தார். அடுத்த சுற்றுக்குப் பெயர் சொல்லச் சொன்னார். ஹோதனும் இன்னொருத்தியும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு எண் எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுப்பதும் உண்டு.

என்னைக் கூட்டிப்போக வந்து காரில் காத்திருந்த பாஸ்கர், ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றினார்.

"நானும் சேரணும்" என்றார்.

"ஆம்பளைங்களுக்குத் தனியா இருக்கு. துறைமுகத்துல வேலை பாக்கறவங்க நடத்தறாங்க" என்றாள் ஃபதூமா.

"அங்க எனக்கு யாரையும் தெரியாதே."

சிரிப்பு அடங்கியதும் சஹ்ரா அத்தை சொன்னார், "ஆம்பளை கூடாதுன்னு ஒண்ணும் இல்ல. உள்ள இருக்கறவங்க பொறுப்பேத்துக்கணும். அவ்வளவுதான். யார் பொறுப்பு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாஸ்கரும் பார்த்தார். அவர் முகத்தில் கவலையே இல்லை. இது ஒரு சம்பிரதாயக் கேள்வி, பதில் ஏற்கெனவே எழுதி வைத்தது என்கிற முகம்.

நான் யோசித்தேன். என்னைக் கேட்காமல் எடுத்த கார் கடன் ஞாபகம் வந்தது. ஆறு மாதத்தில் மீட்டுவிடலாம் என்று வாங்கிப்போய் மூன்று வருடம் மீளாத என் வளையல்கள் ஞாபகம் வந்தன. வேலை இல்லாத நாட்களில், நான் வரும் முன்பே துணிகளை மடித்து வைத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததும் ஞாபகம் வந்தது. இந்த மனிதரோடு இன்னும் முப்பது வருடம் வாழ நான் தயார். அவருக்காக மாதம் ஆயிரம் திர்ஹாம் பொறுப்பேற்கத்தான் எனக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது.

"தமா?" என்றார் சஹ்ரா அத்தை.

"பாதிக்கு" என்றேன்.

"என்ன பாதி?"

"அரைப் பங்கு. ஐந்நூறுக்கு நான் பொறுப்பு."

ஃபதூமா மொழிபெயர்த்தாள். கடையே அதிர்ந்தது. தொடையில் அடித்துக்கொள்ளும் அந்தக் கிழவி இந்தத் தடவை பக்கத்தில் இருந்தவள் தொடையில் அடித்தார். பாஸ்கரின் காதுகள் சிவந்துவிட்டன.

காரில் ஏறி, வீட்டுக்குப் போகும் வழியில், ஷார்ஜா நெரிசலில் வந்து நின்றதும் கேட்டார். "எல்லார் முன்னாடியும் அரைன்னுட்டியே?"

"கார் கடன் வாங்கறப்ப என்கிட்ட அரை வார்த்தை கேட்டீங்களா?"

முன்னால் இருந்த லாரி நகர, காரை நகர்த்தினார். "ஐந்நூறுதானே? மாசா மாசம் உன் கையில குடுத்துடறேன்" என்றார்.

"என் கையில வேண்டாம். நீங்களே வந்து, பாயில உக்காந்து, குடுங்க."

இது புதிய சுற்றின் நான்காவது மாதம். வருகிறார். கதவோரமாக உட்கார்கிறார். ஐந்நூறை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார். பிறகு எழுந்து, பெரிய ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து டீ ஊற்றுகிறார். ஹோதனுக்குச் சர்க்கரை இரண்டு கரண்டி, கிழவிக்குச் சர்க்கரையே கூடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. புதிதாகச் சேர்ந்தவர்தான் சுற்று முடியும்வரை எல்லோருக்கும் டீ ஊற்ற வேண்டும் என்பது அயூட்டோவின் பழைய விதி என்று ஃபதூமா அவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

அப்படி ஒரு விதியே கிடையாது. இந்த வாரப் பத்திரிகையில் இதைப் படித்துத்தான் அவர் தெரிந்துகொள்வார்.